அத்தை, மவுஸை எடுத்து உள்ளே வைங்க!

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஆரம்பித்தது. ராத்திரி இரண்டு, மூன்று மணிக்கு விழிப்பு வரும். வலது கையில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப் போயிருக்கும். கையை உதறினால் கொஞ்ச நேரத்தில் சரியாகும். எறும்பு ஊர்வது போல ஒரு குறுகுறுப்பு மட்டும் மிச்சமிருக்கும். தலைக்குக் கீழே கையை வைத்துப் படுத்திருப்பேன் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். ஆவணியில் ஒருநாள் தோசைக்கல்லைத் தூக்கும்போது கை நழுவியது. அதன் பிறகுதான் டாக்டரிடம் போனேன்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். இரண்டு புறங்கைகளையும் ஒட்டவைத்து, மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிடம் அப்படியே வைத்திருக்கச் சொன்னார். அரை நிமிடத்துக்குள் விரல்கள் மரத்துவிட்டன. "கார்பல் டனல் மாதிரி இருக்கும்மா. நரம்பு டெஸ்ட் ஒண்ணு எடுத்துப் பாத்துடலாம்" என்றார். மணிக்கட்டில் குறுகலாக ஒரு பாதை இருக்கிறதாம். விரல்களை மடக்குகிற ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. உள்ளே லேசாக வீங்கினாலும் முதலில் நசுங்குவது நரம்புதான். டெஸ்ட்டும் அதையே சொன்னது.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"மொழிபெயர்ப்பு. வீட்டுல இருந்தே. ஒரு நாளைக்கு ஏழெட்டு மணி நேரம் கம்ப்யூட்டர்தான்."

"மவுஸாலதான் வந்துச்சுன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. வயசு, தைராய்டு, சர்க்கரை எல்லாமே சேர்ந்து வரும். ஆனா எதைப் பண்ணா வலிக்குதோ, அதைக் குறைச்சுக்குங்க. ராத்திரி இந்தப் பட்டை போட்டுக்குங்க. குறையலைன்னா ஊசி. அப்படியும் கேக்கலைன்னா சின்ன ஆபரேஷன்."

எதைச் செய்தால் வலிக்கிறது? எனக்குத் தெரிந்துதான் இருந்தது. டைப் அடிக்கும்போது அவ்வளவாக வலிப்பதில்லை. மவுஸைப் பிடித்து, மணிக்கட்டை அங்கும் இங்கும் திருப்பும்போதுதான் சுருக்கென்று இழுக்கும்.

எத்தனை தடவைதான் மவுஸைத் தொடுகிறேன் என்று ஒருநாள் எண்ணிப் பார்க்க நினைத்தேன். என்னால் வேலையும் செய்துகொண்டு எண்ணவும் முடியாது. என் கணவர் வங்கியில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவர். எண்ணுவதென்றால் அவருக்குச் சந்தோஷம். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, நான் மவுஸைத் தொடும்போதெல்லாம் பழைய டைரியில் ஒரு கோடு போட்டார். ஒரு மணி நேரம் முடிந்ததும் ஐந்தைந்தாகக் கூட்டி, "137" என்றார். கள்ள நோட்டைக் கண்டுபிடித்துவிட்டது போல ஒரு குரல்.

என் வேலையில் எப்போதும் நான்கு ஜன்னல்கள் திறந்திருக்கும். ஆங்கில மூலம் ஒன்றில், நான் எழுதும் தமிழ் ஒன்றில், அகராதி ஒன்றில். இந்தப் புத்தகத்தில் எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறேன் என்கிற பட்டியல் நான்காவதில். நான்கும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும், மேஜைமேல் கரண்ட் பில்லின்மேல் கல்யாணப் பத்திரிகை, அதன்மேல் மருந்துச் சீட்டு கிடப்பது மாதிரி. அகராதியைப் பார்க்க வேண்டுமா, மேலே இருப்பதை நகர்த்து. மூலத்தைப் பார்க்க வேண்டுமா, அகராதியைச் சுருக்கு. அந்த 137 கோடுகளில் எழுதுவதற்காகப் போட்டவை ரொம்பக் கொஞ்சம். முக்கால்வாசி, அடியில் புதைந்ததைத் தேடி எடுப்பதற்காகத்தான்.

தீபாவளிக்கு என் தம்பி மகன் வந்தான். சென்னையில் இன்ஜினீயரிங் மூன்றாம் வருடம் படிக்கிறான். அவன் வந்ததில் எனக்கு ஒரு சுயநலமும் இருந்தது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-க்குப் பிறகு பாதுகாப்பு அப்டேட் கிடையாது என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருந்தது. என் பழைய லேப்டாப் விண்டோஸ் 11-ஐ ஏற்காது. புதிது வாங்க மனசும் இல்லை, பணமும் இல்லை. அவன் வந்த அன்றே என் ஃபைல்களையெல்லாம் ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துவிட்டு, லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தான். இலவசம். பார்ப்பதற்கும் பழையது போலவேதான் இருந்தது. அதோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை.

அன்று மாலை கூடத்தில் உட்கார்ந்து அவன் தன் லேப்டாப்பில் ஏதோ செய்துகொண்டிருந்தான். அதிரசம் கொடுக்கப் போன நான் அப்படியே நின்றுவிட்டேன். திரையில் ஒரு ஐகான்கூட இல்லை. மூலையில் குறைக்கிற, பெரிதாக்குகிற பொத்தான்களும் இல்லை. புதிதாக ஒரு ஜன்னல் திறந்தால், இருந்தவை தாமாக ஒதுங்கி இடம் விட்டன. பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நான்காவதாக ஒரு பாட்டி வந்தால் எல்லோரும் நகர்ந்து உட்காருவார்களே, அப்படி. ஒன்றை மூடினால் மற்றவை விரிந்து அந்த இடத்தை நிரப்பிக்கொண்டன. எதுவும் எதையும் மறைக்கவில்லை. முக்கியமாக, அவன் கை கீபோர்டை விட்டு நகரவே இல்லை.

"என்னடா இது?"

"டைலிங் விண்டோ மேனேஜர் அத்தை. ஜன்னலையெல்லாம் தரையில டைல்ஸ் பதிக்கற மாதிரி பக்கத்துல பக்கத்துல அடுக்கிடும். இதுக்கு ஐ-3ன்னு பேரு."

விண்டோ மேனேஜர் என்பது, திரையில் எந்த ஜன்னல் எங்கே, எவ்வளவு பெரிதாக நிற்க வேண்டும் என்பதைப் பார்த்துக்கொள்கிற ஒரு புரோகிராம். எல்லாக் கம்ப்யூட்டரிலும் அந்த வேலையைச் செய்ய ஏதோ ஒன்று உண்டு. அதை மாற்றலாம் என்பது மட்டும் நமக்குத் தெரியாது. லினக்ஸில் மாற்றலாம். ஐ-3 என்பதை மைக்கேல் ஸ்டேபல்பெர்க் என்ற ஜெர்மன்காரர் எழுதி, 2009-லிருந்து இலவசமாகக் கொடுத்துவருகிறார்.

இது புதிய யோசனையும் இல்லையாம். 1985-ல் வந்த முதல் விண்டோஸில் ஜன்னல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறவே ஏறாது. பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கும். 1987-ல் வந்த இரண்டாவது பதிப்பில்தான் ஏறிக்கொள்ள ஆரம்பித்தன. பிறகு நாம் எல்லோரும் நாற்பது வருடமாக நகர்த்திக்கொண்டே இருக்கிறோம். மவுஸே வேண்டாம் என்று சொல்லும் இன்னொரு விண்டோ மேனேஜருக்கு என்ன பேர் தெரியுமா? 'ராட்பாய்சன்'. எலி பாஷாணம்! இதைக் கேட்டு நான் சிரித்த சிரிப்பில் அதிரசத் தட்டு சாய்ந்தது.

"எனக்கும் இதைப் போட்டுக் குடுடா."

"அத்தை... இது கொஞ்சம் கஷ்டம். எங்க காலேஜ்லயே பாதிப் பேர் ரெண்டு நாள்ல ஓடிடுவாங்க."

"நான் எங்க ஓடறது? கைதான் ஓட மாட்டேங்குதே."

கறுப்புத் திரையில் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால்' என்று தொடங்கும் ஒரு வரியை அடித்தான். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே வந்து மறுபடி உள்ளே போகும்போது, பாஸ்வேர்டு போடும் இடத்தில் என் பேருக்குப் பக்கத்திலுள்ள சின்னப் படத்தைத் தொட்டால் பழையதா, ஐ-3-யா என்று தேர்ந்தெடுக்கலாம். இதைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது. பழைய வீட்டை இடிக்கவில்லை. பக்கத்தில் ஒரு அறை கட்டியிருக்கிறோம், அவ்வளவுதான். என் கணவர் இன்றைக்கும் பழைய வழியாகத்தான் உள்ளே போகிறார்.

முதல்முறை போனதும் ஒரு கேள்வி கேட்டது: எல்லாக் கட்டளைகளுக்கும் முன்னால் அழுத்தும் சாவியாக எதை வைத்துக்கொள்கிறீர்கள், வின் கீயா, ஆல்ட்டா? வின் கீ என்றேன். இடது கைக் கட்டைவிரலுக்கு அது எட்டும். பிறகு திரை முழுக்க ஒரே கறுப்பு. கீழே மெல்லிய பட்டை, அதன் இடது ஓரத்தில் '1' என்று ஓர் எண். வேறு ஒன்றுமே இல்லை. இருபது வருடமாகச் சேர்த்த மொழிபெயர்ப்பெல்லாம் போய்விட்டது என்று வயிறு கலங்கியது.

"எல்லாம் இருக்கு அத்தை. வின் கீயோட 'டி' அழுத்துங்க. மேல ஒரு கோடு வருதா? அதுல என்ன வேணுமோ அதோட பேரை டைப் பண்ணுங்க."

ஃபயர்ஃபாக்ஸ் என்று நான்கு எழுத்து அடிப்பதற்குள் வந்துவிட்டது. திரை முழுதும் விரிந்து நின்றது. அடுத்து தமிழ் எழுதும் ரைட்டரைத் திறந்தேன். இரண்டும் பாதிப் பாதி. பி.டி.எஃப். திறந்தேன், மூன்றாகப் பிரிந்தது. வின் கீயோடு அம்புக்குறியை அழுத்தினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவலாம். ஷிஃப்டையும் சேர்த்தால் ஜன்னலையே இடம் மாற்றலாம். 'எஃப்' அழுத்தினால் திரை முழுக்க ஒன்று மட்டும். மூட வேண்டுமென்றால் ஷிஃப்ட்டும் 'க்யூ'வும். கீழே இருந்த அந்த '1' ஒரு மேஜை. வின் கீயோடு 2 அழுத்தினால் இரண்டாவது மேஜை. இப்படிப் பத்து. முதல் மேஜையில் இடப்பக்கம் மூலமும் வலப்பக்கம் தமிழும், இரண்டாவதில் அகராதியும் பட்டியலும், மூன்றாவதில் மெயில் என்று பிரித்துக்கொண்டேன்.

"இப்ப அந்த மவுஸை எடுத்து உள்ளே வைங்க அத்தை. கண்ணுல பட்டா கை போகும்" என்றான். பீரோவில் வைத்துவிட்டேன். அத்தியாவசியத்துக்கு லேப்டாப்பிலேயே உள்ள டச்பேட் இருக்கிறதே.

புதன்கிழமை அவன் ஊருக்குப் போனான். அன்று ராத்திரி வேலையில் உட்கார்ந்தேன். அடுத்த திங்களுக்குள் 38 பக்கம் அனுப்பியாக வேண்டும். ஏற்கெனவே கையைக் காரணம் சொல்லி இரண்டு முறை தவணை வாங்கியிருந்தேன். "இந்த முறை தாமதமானால் வேறு ஒருவரிடம் கொடுக்க வேண்டியிருக்கும்" என்று மெயில் வந்திருந்தது. மரியாதையான மெயில்தான். அதுதான் பயமாக இருந்தது.

உட்கார்ந்தால், தமிழ் வரவில்லை.

நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள். பழைய தமிழ்த் தட்டச்சு முறையில்தான் அடிப்பேன். வின் கீயோடு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாறும்படி அவன் வைத்துக் கொடுத்திருந்தான். பழைய திரையில் மாறியது. ஐ-3-க்குள் எத்தனை முறை தட்டினாலும் ஆங்கிலம்தான் வந்தது. தம்பி மகன் ரயிலில். போன் கிடைக்கவில்லை. "பழையதுக்கே போயிடேன், எதுக்கு உனக்கு இந்த வம்பு?" என்றார் கணவர். போய்விட்டேன். பீரோவிலிருந்து மவுஸும் வெளியே வந்தது. வியாழக்கிழமை முழுக்க அதிலேயே உட்கார்ந்து 9 பக்கம் முடித்தேன். ராத்திரி பட்டை கட்டிக்கொண்டு படுத்தும் இரண்டு மணிக்கு எழுந்துவிட்டேன். விரல் மட்டுமல்ல, முழங்கை வரை இழுத்தது.

அன்று மாலை பெங்களூரிலிருந்து மகள் பேசியிருந்தாள். "விட்டுடும்மா. மாசம் பன்னிரண்டாயிரம் வருமா அதுல? நான் அனுப்பறேன். உனக்கு இனிமே எதுக்கு இதெல்லாம்?" பாசத்தில் சொன்னதுதான். நானும் "சரிடி, பாக்கறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் அந்த 'இனிமே எதுக்கு' ராத்திரி முழுக்கக் கூடவே இருந்தது. இருட்டில் கையை உதறிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அப்பா ஞாபகம் வந்தது.

அப்பா கும்பகோணத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் அச்சுக் கோத்தார். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், எப்போதாவது ஒரு கவிதைப் புத்தகம். அவர் முன்னால் சாய்வாக மரக் கேஸ் இருக்கும். அதில் சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றிலும் ஓர் ஈய எழுத்து. இடது கையில் ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணைக் கையெழுத்துப் பிரதியில் வைத்திருப்பார். வலது கை மட்டும் தானாகப் போய் 'கு'வையும் 'ம்'மையும் எடுத்து வரும். 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது, கொம்பு போட்ட பழைய 'லை', 'னை'களின் அறைகள் காலியாகிவிட்டன. அவற்றில் வேறு எழுத்தைப் போட அவர் விடவில்லை. "ஒண்ணை மாத்தினா எல்லாம் மாறும். கை தேடும்" என்பார். கோத்து முடித்த பக்கத்தை இரும்புச் சட்டத்துக்குள் வைத்து, சந்துகளில் கட்டைகளைக் கொடுத்து முடுக்குவார்கள். எங்காவது தளர்ந்திருந்தால், தூக்கும்போது எழுத்தெல்லாம் பொலபொலவென்று கொட்டிவிடும். ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு நிற்பதால்தான் பக்கம் நிற்கிறது.

1994-ல் முதலாளி கம்ப்யூட்டர் வாங்கினார். பேஜ்மேக்கரில் தமிழ் அடிக்க ஆள் வேண்டும். டைப்ரைட்டிங் தெரிந்த பெண் வீட்டிலேயே இருக்கிறாளே என்று என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கு 24 வயது; முதல் சம்பளம்; சந்தோஷமாகப் போனேன். அப்பாவிடம் யாரும் கற்றுக்கொள்கிறாயா என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு வருடத்தில் கேஸ்களை எடைக்குப் போட்டார்கள். அதற்குப் பிறகும் அப்பா சாயங்காலம் அச்சகத்துக்கு வருவார். என் நாற்காலிக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஒருமுறை மெதுவாகக் கேட்டார்: "எழுத்தெல்லாம் எங்கம்மா இருக்கு?"

"உள்ள இருக்குப்பா" என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவசரமாக ஒரு பத்திரிகை முடிக்க வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கே தம்பி மகனுக்குப் போன் போட்டேன். தூக்கத்தில் எடுத்தான்.

"டேய், தமிழ் வரலைடா."

விஷயத்தைக் கேட்டதும் விழித்துக்கொண்டான். "ஐயோ, ஆமா அத்தை! வின் கீ, ஸ்பேஸ் ரெண்டையும் ஐ-3யும் வேற ஒரு வேலைக்கு வச்சிருக்கு. நீங்க தட்டறதை அதுவே எடுத்துக்குது. தமிழ் மாத்தற புரோகிராமுக்கு விஷயமே போறதில்லை."

ஒரே சாவிக்கு இரண்டு வீட்டுக்காரர்கள். சரி, அதை எப்படி வாங்குவது? ஐ-3-யின் சட்டதிட்டமெல்லாம் ஒரே ஒரு ஃபைலில் எழுதியிருக்கிறது. பொத்தான்கள், மெனு எதுவும் கிடையாது. வெறும் எழுத்து. ஒரு வரிக்கு ஒரு சட்டம். அந்த ஃபைலைத் திறக்கும் கட்டளையை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். "நான் பண்ணித் தரட்டுமா? சாயங்காலம் ஆகும். இப்ப கிளாஸ் இருக்கு."

"நீ சொல்லு. நான் பண்றேன்."

ஃபைல் திறந்தது. சுமார் இருநூறு வரி ஆங்கிலம். முதலில் திகைப்பாக இருந்தாலும், படிக்கப் படிக்க ஆச்சரியமாகிவிட்டது. எனக்குப் புரிந்தது! இந்தச் சாவிக்கு இந்த வேலை, அந்தச் சாவிக்கு அந்த வேலை என்று, ரேஷன் கடை போர்டு மாதிரி வரிசையாக எழுதியிருந்தது. வாழ்க்கை முழுக்க ஆங்கிலம் படித்துப் பொருள் சொன்னவளுக்கு இது என்ன பிரமாதம்? ஸ்பேஸ் சாவி வரும் வரிகளைத் தேடினேன். இரண்டு இருந்தன. ஷிஃப்ட் இல்லாத வரியை எடுத்து, அதன் தலையில் நாலு கோடு போட்ட ஹேஷ் குறியைப் போட்டால் போதுமாம். அந்த வரியைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும். அழிக்கவும் வேண்டாம், நாளைக்குத் தேவைப்பட்டால் ஹேஷை எடுத்துவிடலாம். ப்ரூஃப் திருத்துகிறவர்களுக்குப் பழக்கமான காரியம்தான்.

போட்டேன். சேமித்தேன். வின் கீ, ஷிஃப்ட், 'ஆர்' மூன்றையும் அழுத்தினால் புதுச் சட்டம் அமலுக்கு வரும். அழுத்தினேன். திரையின் உச்சியில் சிவப்பாக ஒரு பட்டை வந்து நின்றது: ஃபைலில் பிழை இருக்கிறதாம்.

கை நடுங்கியது. ஆனால் பாருங்கள், சிவப்புப் பட்டை வந்ததே தவிர எதுவும் உடையவில்லை. ஜன்னல்கள் அப்படியே நின்றன. மறுபடி ஃபைலைத் திறந்து, அந்த வரியைச் சுற்றி மேலும் கீழும் எழுத்தெழுத்தாக ப்ரூஃப் பார்த்தேன். அடுத்த வரியின் முதல் 'பி' எழுத்தை நான் தவறுதலாக அழித்திருந்தேன். அதைத் திரும்ப வைத்தேன். சிவப்பு போனது. ஒருமுறை வெளியே போய் உள்ளே வந்து, ரைட்டரைத் திறந்து, வின் கீயோடு ஸ்பேஸைத் தட்டி, 'அ' அடித்தேன்.

'அ' வந்தது.

"என்னங்க, வந்துடுச்சு!" என்று கத்தினேன். பூப்பறித்துக்கொண்டிருந்த கணவர் கரண்ட் வந்துவிட்டதென்று நினைத்து ஃபேனைப் போட ஓடிவந்தார்.

எல்லாம் சுகம் என்று சொல்லமாட்டேன். முதல் வாரம் படாத பாடு. மூடுவதற்குப் பதில் பெரிதாக்கினேன், பெரிதாக்குவதற்குப் பதில் இன்னொரு கறுப்பு ஜன்னலைத் திறந்தேன். ஒரு காகிதத்தில் பதினோரு சாவிகளை எழுதிச் சுவரில் ஒட்டினேன். திரை வெளிச்சத்தைக் கூட்டும் சாவி வேலை செய்யவில்லை. அதற்கும் ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. ஒருநாள் கணவர் தெரியாமல் ஐ-3 வழியாக உள்ளே போய்விட்டு, "ஏம்மா, கம்ப்யூட்டர் செத்துப்போச்சு!" என்று அறிவித்தார். மின்கட்டணம் கட்டும் பக்கம், பி.டி.எஃப்-இல் ஒரு பத்தியை மட்டும் தேர்ந்தெடுப்பது போன்றவற்றுக்கு இன்னும் டச்பேட் வேண்டியிருக்கிறது. அதை இடது கையால் செய்யப் பழகிக்கொண்டேன்.

உங்களில் பலர் விண்டோஸ் வைத்திருப்பீர்கள். இவ்வளவு தூரம் போக வேண்டாம். வின் கீயோடு இடது அம்புக்குறியை அழுத்திப் பாருங்கள். ஜன்னல் இடது பாதியில் போய் ஒட்டிக்கொள்ளும். வலது அம்பு, வலது பாதி. விண்டோஸ் 7 காலத்திலிருந்து அங்கேயே இருக்கிறது. இத்தனை வருடம் எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் தேடவில்லை.

திங்கள் மாலை ஐந்தரைக்கு 38 பக்கமும் போனது. ஒரு மாதம் கழித்து, கணவர் பழைய டைரியை எடுத்துக்கொண்டு மறுபடி பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரத்தில் 22 கோடு. ஏமாற்றமாக இருந்திருக்க வேண்டும். இரண்டு முறை கூட்டினார். வாரத்தில் ஐந்து நாள் ராத்திரி எழுந்தவள், இப்போது ஒன்றிரண்டு நாள்தான் எழுகிறேன். பட்டையால் குறைந்ததா, மவுஸை விட்டதால் குறைந்ததா என்று டாக்டரைக் கேட்டேன். "ரெண்டையும் விடாதீங்க" என்றார். ஆபரேஷன் வேண்டாம் என்று அவர் இன்னும் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி நரம்பு டெஸ்ட். மகளிடம் அதையும் சொல்லியிருக்கிறேன். அடுத்த புத்தகம் 220 பக்கம், ஒத்துக்கொண்டுவிட்டேன் என்பதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நாற்காலியாவது நல்லதா வாங்கும்மா. அதுக்கு மட்டும் நான் பணம் அனுப்பறேன்" என்றாள். அதற்குச் சம்மதித்தேன்.

பொங்கலுக்குத் தம்பி மகன் வந்தான். ஊரிலிருந்து கரும்போடு வந்த களைப்பில், தன் லேப்டாப்பை எடுக்கச் சோம்பல்பட்டு என்னுடையதில் உட்கார்ந்தான். நான் அடுப்படியில் இருந்தேன். கொஞ்ச நேரம் தட்டும் சத்தம், பிறகு நிசப்தம், மறுபடி தட்டும் சத்தம்.

அவன் போனதற்குப் பிறகு அந்த ஃபைலில் நான் நிறைய மாற்றியிருந்தேன். வலது கை ஓரமாக நீள வேண்டிய சாவிகளையெல்லாம் இடது பக்கத்துக்குக் கொண்டுவந்தேன். அகராதிக்கு ஒரு சாவி, பட்டியலுக்கு ஒரு சாவி. பயன்படுத்தாத வரிகளின் தலையில் ஹேஷ்.

"அத்தை" என்று குரல் வந்தது. "எல்லாத்தையும் எங்க வச்சிருக்கீங்க?"

பொங்கல் கரண்டியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போனேன். நாற்காலியில் பாதி இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தான். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு சாவியாகக் காட்டிக்கொடுத்தேன்.